பாலையும் கூடாரமும்

எமது பாடசாலையின் மேல்வகுப்பு மாணவர்க்கு ஐந்திணையைக் கற்பிக்கும் முறை ஆண்டுதோறும் தை மாதத்திலேயே வந்து வாய்க்கின்றது. மொன்றியலில் அது உறைபனிக் காலம். யன்னலுக்கு வெளியே வெண்பனி முழங்கால் அளவுக்குக் கிடக்க, உள்ளே நாம் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனப் பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் உரிய நிலத்தையும் பொழுதையும் ஒழுக்கத்தையும் மாணவரைக் கொண்டு ஒப்புவிக்கச் செய்வோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுவன் கையை உயர்த்தி, "சேர், பாலை எண்டால் தெசேர் தானே?" என்று பிரெஞ்சுச் சொல்லை இட்டு வினவினான். ஆம் என்று தலையசைத்துவிட்டு அடுத்த திணைக்குச் சென்றோம். மணி அடிக்க ஐந்து நிமிடமே இருந்தது.

அது பிழையான விடை. தொல்காப்பியர் நிலங்களை வகுத்து அவற்றின் தெய்வங்களை உரைக்குமிடத்து முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என நான்கினையே கூறுகின்றார்; பாலைக்குத் தனி நிலம் அவர் கொடுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வேனில் வெம்மையால் தம் இயல்பு திரிந்து துயர் தரும் நிலையை அடையும்போது அதுவே பாலையாகின்றது என்று இளங்கோவடிகள் காடுகாண் காதையில் விளக்குகின்றார். ஆகவே பாலை என்பது வெறும் மணற்காடு அன்று. நேற்றுவரை பசுமையாய் இருந்து இன்று வரண்டுபோன நிலம் அது. வன்னியில் வாழ்ந்த எமக்கோ இன்னுமொரு பாலை உண்டு. வைரம் பாய்ந்த அடிமரமும், வைகாசி ஆனி மாதங்களில் கிளைகொள்ளாத சிறு மஞ்சட் பழங்களுமாய் நிற்கும் பாலைமரம். பழத்தைத் தின்றால் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். இவற்றில் ஒன்றையேனும் அச்சிறுவனுக்கு நாம் சொல்லவில்லை.

பாலையின் ஒழுக்கம் பிரிவு. பரீட்சைத் தாளில் அவ்வாறு எழுதும் பிள்ளைக்கு இரண்டு புள்ளிகள் வழங்குகின்றோம். அப்பிள்ளையின் தாயும் தந்தையும் கடந்துவந்த பிரிவு எத்தகையது என்பதோ பிள்ளைக்குத் தெரியாது. அதைக் கேட்பதற்கு எமது வினாத்தாளில் இடமுமில்லை. வீட்டிலும் அப்பேச்சு எழுவதில்லை. தந்தையார் இரவு வேலைக்குப் போகின்றார், தாயார் பகல் வேலைக்குப் போகின்றார், பிள்ளை பிரெஞ்சில் வீட்டுப்பாடம் செய்கின்றது. இதில் யாரையும் குறை கூற முடியாது.

இந்நிலையிலேதான், வரண்ட நிலமொன்றைப் பிள்ளைகளுக்குக் கண்ணாற் காட்டுவோம் என்ற எண்ணம் மேல்வகுப்புப் பெற்றோர் சிலரிடையே தோன்றியது. 2024 ஆம் ஆண்டு யூன் 24 ஆந் திகதி கியூபெக்கின் தேசிய விழா முடிந்த மறுநாள், ஆறு குடும்பங்களைச் சேர்ந்த இருபத்தாறு பேர் லாஸ் வேகஸ் நகருக்கு விமானமேறினோம். அங்கே மூன்று வான்களை வாடகைக்கு எடுத்து, யூட்டா மாநிலத்தின் சயன், பிறைஸ் கன்யன் ஆகிய தேசியப் பூங்காக்களையும், அரிசோனாவின் கிறாண்ட் கன்யனையும் சுற்றி ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் ஓடி, எட்டு இரவுகள் கூடாரத்தில் உறங்கித் திரும்பினோம். அப்பயணத்தைப் பற்றியும், அதனால் எம் மனத்தில் உறுதிப்பட்ட ஒரு கருத்தைப் பற்றியும் இவ்விழா மலரில் எழுத விரும்புகின்றோம்.

பயணத்திட்டத்தைப் பெற்றோர் கூட்டத்தில் முதன்முதல் அறிவித்தபோது எழுந்த எதிர்ப்பு செலவைப் பற்றியதன்று. "மாஸ்டர், நாங்கள் கூடாரத்தில படுத்தது போதாதே? காசு குடுத்தும் படுக்கவேணுமே?" என்று ஒரு தாயார் கேட்டார். எல்லோரும் சிரித்தனர். நாமும் சிரித்தோம். ஆயினும் அச்சிரிப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்தை விட்டு மழையில் நடந்தவர்கள் அம்மண்டபத்தில் இருந்தனர். 2009 இல் செட்டிகுளத்து வெள்ளைக் கூடாரங்களில் முட்கம்பிக்குள் அடைபட்டிருந்தவர்களும் இருந்தனர். நாமும் அவர்களுள் ஒருவரே. எம்மவர்க்குத் தறப்பாள் என்பது உல்லாசப் பொருளன்று. கூரைத்தகட்டுக்கு அடுத்ததாக நாம் மதித்த சொத்து அது. இடம்பெயரும்போது பானை சட்டியை விட்டாலும் தறப்பாளை விட்டவரில்லை.

சொல்லிலும் இச்சிக்கல் உண்டு. முகாம் என்றால் எமக்கு ஒரு பொருள்தான். இங்குள்ள பிள்ளைகளுக்கோ கோடைகாலத்தில் ஓடி விளையாடி நீச்சல் பழகும் இடத்திற்கு அப்பெயர். முன்னர் ஒருமுறை எமது பாடசாலை விடுத்த அறிவித்தலில் 'கோடை முகாம்' என்று தலைப்பிட்டிருந்தோம். அதைப் படித்த பேர்த்தியார் ஒருவர், "ஏன் மோனை, பிள்ளையளை முகாமுக்கு அனுப்பிறியள்?" என்று எம்மிடம் நேரே வந்து கேட்டார். அதன் பின்னர் 'கோடைக்கால ஒன்றுகூடல்' என்று மாற்றிவிட்டோம். அம்மாற்றம் சரியா தவறா என்பதில் இன்றும் எமக்குத் தெளிவில்லை. சொல்லை மறைத்தால் பொருளும் மறைந்துவிடும் என்று எண்ணிவிட்டோம் போலும்.

எமது கருத்து இதுதான். கூடாரத்தில் உறங்கியவர்கள் என்பதனாலேயே நாம் எம் பிள்ளைகளோடு மீண்டும் ஒருமுறை கூடாரத்தில் உறங்க வேண்டும். இதனை வெறும் பேச்சாகக் கூறவில்லை. கண்டதைக் கொண்டே கூறுகின்றோம்.

முதலிற் கண்டது சயன். விவிலியத்தில் வரும் சீயோன் மலையின் பெயரையே அங்கு குடியேறிய மோர்மன் மதத்தினர் அப்பள்ளத்தாக்குக்கு இட்டனர். வேர்ஜின் என்னும் சிற்றாறு அறுத்துச் சென்ற ஆழத்திலே நின்றுகொண்டு, இருபுறமும் செங்குத்தாய் எழும் செந்நிற மணற்கற் சுவர்களை அண்ணாந்து பார்க்க வேண்டும். அச்சுவர்களிற் சாய்வு சாய்வாய்க் கோடுகள் தெரியும். அவை ஏறத்தாழ 180 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் அங்கே காற்றடித்துக் குவித்த மணற்குன்றுகளின் கோடுகள். பழைய பாலைவனம் ஒன்று கல்லாகி, இன்றைய பாலைவனத்தின் நடுவே நிற்கின்றது. நிழலிலேயே வெப்பம் 38 பாகையைத் தாண்டிய அன்று பிள்ளைகளின் நாட்டமெல்லாம் ஆற்றில் இறங்குவதிலேயே இருந்தது. இறங்கினர். ஆடி, ஆவணி மாதங்களில் தொலைவிற் பெய்யும் மழையினால் அவ்வாறு சில நிமிடங்களிற் பெருக்கெடுக்கும் என்று அறிவித்தற் பலகை எச்சரிக்கின்றது. வானம் தெளிவாய் இருக்கின்றதே என்று எண்ணி ஏமாறலாகாது. வன்னியிற் காட்டாறு கடந்தவர்கள் அவ்வெச்சரிக்கையை உடனே விளங்கிக்கொண்டனர். பிள்ளைகளுக்கு விளக்க நேர்ந்தது.

கூடாரம் அடித்த கதையைச் சொல்ல வேண்டும். ஐந்து குடும்பத்தினர் கடையில் வாங்கிய கூடாரத்தை விரித்துவைத்து, கூடவந்த தாளைத் தலைகீழாகவும் நேராகவும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தனர். ஆறாவது குடும்பத்தின் தந்தையார் தாளை எடுத்தும் பார்க்கவில்லை. காற்று வரும் திசையைப் பார்த்து, வாசலை அதற்கு எதிர்ப்புறமாய் வைத்து, முளைகளைச் சாய்வாக அறைந்து, கயிற்றை இழுத்துக் கட்டி, நாம் இரண்டாவது கம்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே வேலையை முடித்துவிட்டார். பின்னர் ஒவ்வொரு கூடாரமாய் வந்து முளைகளைப் பிடுங்கிச் சரியாக அறைந்து கொடுத்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் பிறைஸ் கன்யன் சென்றோம். கடல்மட்டத்திற்கு 2,400 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ள அவ்விடத்தில் யூன் மாத இரவும் குளிர்ந்தே இருக்கும். பகலில் உருகிப் பிளவுகளில் இறங்கும் நீர் இரவில் உறைந்து விரிவதனால் பாறை உடைந்து உடைந்து, ஆயிரக்கணக்கான கற்றூண்கள் செம்மையும் வெண்மையுமாய் வரிசை வரிசையாக நிற்கின்றன. அந்நிலத்தின் ஆதிக்குடிகளான பையூட் மக்கள், அவை தவறு செய்ததனாற் கல்லாக்கப்பட்ட முன்னோர் என்பர். எமது பிள்ளைகளுட் சிலர் கோபுரங்கள் என்றனர். ஒருத்தி மட்டும் அகலிகை என்றாள். சென்ற ஆண்டு பேச்சுப்போட்டிக்காக மனனஞ் செய்த அகலிகை அவளுக்கு அங்கே நினைவுக்கு வந்ததில் எமக்கு உண்டான மகிழ்ச்சியை என்னென்பது! போட்டி மேடையில் அதே கதையை அவள் மூச்சு விடாமல் ஒப்புவித்தபோது அவள் முகத்தில் எந்த உணர்ச்சியும் இருக்கவில்லை.

அன்றிரவு மின்விளக்கு எதுவுமற்ற வானத்திற் பால்வீதி தெளிவாய்த் தெரிந்தது. இங்கே பிறந்த பிள்ளைகள் முதன்முதலாக அதனைக் கண்டனர். காஸ் அடுப்பிற் பருப்பும் டின்மீன் குழம்பும் காய்ச்சிப் பாணோடு உண்டு முடித்து அவரவர் கூடாரத்துட் புகுந்தோம். துணிச்சுவர் ஒன்றே இடையில் உள்ளமையால் அடுத்த கூடாரத்துப் பேச்சு அனைத்தும் கேட்கும். அத்தந்தையாரின் பதின்மூன்று வயது மகள், வகுப்பில் எம்மிடம் பிரெஞ்சு கலவாமல் ஒரு வசனம் பேசியறியாதவள், கேட்டாள்: "அப்பா, உங்களுக்கு ஏன் இவ்வளவு கெதியாக் கூடாரம் அடிக்கத் தெரியும்?"

சிறிது நேரம் மௌனம் நிலவியது. பின்னர் அவர் சொல்லத் தொடங்கினார். ஏறக்குறைய ஒரு மணி நேரம் சொன்னார். அவர் சொன்னவற்றை நாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை அம்மகளுக்கு உரியவை. ஒன்றை மட்டும் குறிப்பிடலாம். அவர் தமிழில் மட்டுமே சொன்னார், ஏனெனில் அவற்றைச் சொல்ல அவரிடம் வேறு மொழி இல்லை. இடையிடையே அவள் கேட்ட வினாக்களும் தமிழிலேயே இருந்தன. சொல் தெரியாத இடத்தில் நிறுத்தி, "பங்கர் எண்டால் என்ன?" "நிவாரணம் எண்டால்?" என்று கேட்டுக் கேட்டுத் தொடர்ந்தாள். பத்தாண்டுகளாய் நாம் வகுப்பிற் செய்ய முயன்றதை அத்துணிக் கூடாரம் ஓரிரவிற் செய்தது. இதனை எழுதும்போது ஓர் ஆசிரியர் என்ற வகையில் எமக்குச் சற்று நாணமாகவும் இருக்கின்றது.

எல்லோர்க்கும் அவ்வாறே நிகழ்ந்தது என்று கூறின் அது பொய்யாகும். ஒரு தாயார் முதலிரவே கூடாரத் துணி காற்றில் அடிபடும் ஓசையைத் தாங்கமாட்டாமல் எழுந்து வானுக்குட் சென்று படுத்தார். எட்டு இரவுகளும் அங்கேயே உறங்கினார். பகலில் மற்றவர்களைவிட அவரே கூடுதலாகச் சிரித்துப் பேசினார். யாரும் வற்புறுத்தவில்லை, வற்புறுத்தவும் கூடாது. வருவோம் என்பவரோடு போவோம், வானிற் படுப்போம் என்பவர்க்கும் இடம் வைப்போம்.

ஈற்றில் கிறாண்ட் கன்யன். நாம் வன்னியில் ஆசிரியராய் இருந்த காலத்திற் புவியியல் கற்பித்தோம். ஆற்றரிப்பு என்னும் பாடத்தில் கொலறாடோ ஆறு குடைந்த பெரும்பள்ளம் எடுத்துக்காட்டாக வரும். கட்டடம் இழந்து மரநிழலில் வகுப்பு நடந்த நாள்களிலும், மரத்திற் சாத்திய பலகையில் அதன் குறுக்குவெட்டு முகத்தை வரைந்து அடையற்பாறைப் படைகளுக்கு வெவ்வேறு நிறச் சுண்ணாம்புக்கட்டியால் நிறந்தீட்டியுள்ளோம். அதாவது, இரண்டு நிறங்கள் கையில் இருந்த நாள்களில். நாம் காணாததொன்றைக் காணமுடியாதவர்க்குக் கற்பித்தோம். அவ்வகுப்பில் இருந்தவர்கள் அனைவரும் இன்று உயிரோடில்லை. தென்விளிம்பிலே நின்று முதன்முறை எட்டிப் பார்த்த கணத்திற் பிள்ளைகளுக்கு விளக்கவேண்டியவற்றை எல்லாம் மறந்து, அந்த மரத்தடிப் பலகையை நினைத்துக்கொண்டு நின்றோம்.

பின்னர் விளக்கினோம். நீளம் ஏறத்தாழ 446 கிலோமீற்றர். ஆழம் ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேல். நாம் நின்ற விளிம்பின் சுண்ணாம்புக்கல் ஏறத்தாழ 270 மில்லியன் ஆண்டுகள் பழையது. அடியில் ஆற்றோரமாய்க் கரிய நிறத்தில் தெரியும் உருமாறிய பாறை ஏறத்தாழ 1,750 மில்லியன் ஆண்டுகள் பழையது. அதன் பெயர் விஷ்ணு பாறை. இதைக் கேட்டதும் பிள்ளைகள் நம்பவில்லை, நாம் கதை விடுகின்றோம் என்று எண்ணினர். கிளாரன்ஸ் டட்டன் என்னும் புவிச்சரிதவியலாளர் 1880 களில் அப்பள்ளத்தாக்கை ஆராய்ந்தபோது, கோயில்கள் போல் எழுந்து நிற்கும் குன்றுகளுக்குக் கீழைநாட்டுத் தெய்வப் பெயர்களைச் சூட்டினார். விஷ்ணு கோயில், சிவன் கோயில் என்று இன்றும் வரைபடங்களில் உள்ளன. அப்பெயர்கள் அங்கிருந்த மக்களைக் கேட்டு வைக்கப்பட்டவை அல்ல என்பதையும் உடன் சொல்லிவைத்தோம்.

அவருக்கு முன்னர், 1869 இல், யோன் வெஸ்லி பவல் என்பவர் ஒன்பது துணைவரோடு நான்கு படகுகளில் அவ்வாற்றில் இறங்கி முதன்முதலாக அப்பள்ளத்தாக்கு முழுவதையும் கடந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒரு கையை இழந்தவர். படைக்குப் போகுமுன் பள்ளிக்கூட ஆசிரியராய் இருந்தவர். இச்செய்தியைச் சற்று அழுத்தியே சொன்னோம், வாசகர்கள் பொறுத்தருள்க.

இப்பயணத்திற் பெற்றோரை மிகவும் ஈர்த்தது பாறைகளன்று, ஹவசுபாய் என்னும் மக்களின் வரலாறு. நூற்றாண்டுகளாய் அப்பள்ளத்தாக்கின் ஊற்றோரங்களிற் பயிர்செய்தும், குளிர்காலத்தில் மேட்டுநிலத்தில் வேட்டையாடியும் வாழ்ந்தவர்கள் அவர்கள். 1882 இல் அமெரிக்க அரசு அவர்களை ஒரு பக்கப் பள்ளத்தாக்கின் சிறு துண்டு நிலத்துள் ஒடுக்கியது. 1919 இல் தேசியப் பூங்கா நிறுவப்பட்ட பின்னர், உள்ளே எஞ்சி வாழ்ந்தவர்களும் வெளியேற்றப்பட்டனர். அவர்கள் விடாது கேட்டுக்கொண்டிருந்தனர். 1975 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஏறத்தாழ 185,000 ஏக்கர் அவர்களுக்கு மீண்டது. ஒடுக்கப்பட்ட ஆண்டிலிருந்து எண்ணினால் தொண்ணூற்று மூன்று ஆண்டுகள். நாம் இறங்கிய நடைபாதையிலே கீழே உள்ள பசுஞ்சோலை ஒன்று அவர்கள் பயிர்செய்த இடம். 2022 இல் அதற்கு ஹவசுபாய்த் தோட்டம் என்று பெயர் மீட்டுக்கொடுக்கப்பட்டது. தொண்ணூற்று மூன்று என்ற எண்ணைக் கேட்ட ஒரு தந்தையார், வலிகாமம் வடக்கைச் சேர்ந்தவர், விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்நடைபாதையில் எமது தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். காலை ஆறு மணிக்கு இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும். காலையுணவு, படம் பிடித்தல் என்று தாமதித்துப் பத்து மணிக்கே தொடங்கினோம். மலையேற்றத்தில் முதலில் ஏற்றம், பின்னர் இறக்கம். பள்ளத்தாக்கில் அது தலைகீழ். இறங்கும்போது எவரும் களைப்பதில்லை, திரும்புவதற்கே வலிமை வேண்டும். ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீற்றரிலேயே திரும்பினோம். திரும்பும் வழியிற் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் தலைசுற்றி அமர்ந்துவிட்டான். தண்ணீர் நிறைய வைத்திருந்தோம், உப்பு வைத்திருக்கவில்லை. ஒரு தாயார் தம் கைப்பையில் மடித்து வைத்திருந்த உப்பையும் சீனியையும் தண்ணீரிற் கலந்து, ஊரிலே ஜீவனி கரைத்துப் பருக்கியது போல் மெல்ல மெல்லப் பருக்கி, நிழலில் இருத்தி, ஈரத்துணியால் ஒற்றி அவனைத் தேற்றினார். பயணங்களில் உப்பும் சீனியும் கொண்டுசெல்லும் பழக்கத்தை அவர் எங்கே கற்றார் என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அப்பையனின் பெற்றோரிடம் அன்று மன்னிப்புக் கேட்டோம். இம்மலர் வாயிலாக மீண்டும் கேட்கின்றோம்.

இதுவரை எழுதியதைப் படிப்போர், வருங்கோடையும் அதே பூங்காக்களுக்கே போகலாமே என்று எண்ணக்கூடும். நாம் அவ்வாறு கூறவில்லை. அதற்குக் காரணம் ஏழாவது குடும்பம்.

பயணத்திற்கு முதலிற் பெயர் கொடுத்தவர்கள் ஆறு குடும்பத்தினர் அல்லர், ஏழு குடும்பத்தினர். ஏழாவது குடும்பத்தினர்க்கு இந்நாட்டில் வாழும் உரிமை உண்டு, கனடாக் கடவுச்சீட்டு இல்லை. அகதிகளுக்குரிய பயணப்பத்திரம் வைத்திருப்பவர் அமெரிக்க எல்லையைக் கடக்க விசா பெறவேண்டும். அவர்களுக்கு அதற்கான நேர்முகத் திகதி பயணத் திகதிக்குப் பின்னரே கிடைத்தது. கூட்டத்தில் அதைச் சொல்ல விரும்பாமல், "லீவு கிடைக்கேல்லை மாஸ்டர், நீங்கள் போட்டு வாங்கோ" என்று மட்டும் அத்தந்தையார் சொன்னார். உண்மை எமக்குப் பின்னரே தெரியவந்தது. அவர்களுடைய இசைவோடேயே இதனை இங்கே எழுதுகின்றோம். அக்குடும்பத்து மகள் எமது வகுப்பில் வரைபடம் வரைவதில் முதல்வி. கொலறாடோ ஆற்றின் போக்கையும், நாம் தங்கவிருந்த இடங்களையும் பெரிய தாளில் வரைந்து, தமிழில் ஊர்ப்பெயர் எழுதி, பயணத்திற்கு முந்திய சனிக்கிழமை எம் கையிற் தந்தாள். எட்டு நாளும் முதல் வானின் முன்னிருக்கையில் அது விரிந்து கிடந்தது. திரும்பி வந்து பிள்ளைகள் வகுப்பில் ஒருவர்க்கொருவர் முந்திக்கொண்டு கதை சொன்னபோது, அவள் தன் வரைபடத்தை விரித்து வைத்து அவர்கள் சொன்ன இடங்களை ஒவ்வொன்றாய் விரலாற் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாடசாலையின் பெயரால் ஒரு பயணம் போவதானால் பாடசாலை முழுவதும் போகக்கூடிய இடத்திற்கே போகவேண்டும் என்பது அன்று எம் மனத்திற் பதிந்தது. எங்களைச் சோதனைச்சாவடியில் இருபிரிவாகப் பிரித்து, இவர் போகலாம், இவர் நிற்கவேண்டும் என்று சொன்ன காலம் ஒன்று இருந்தது. அதனை மனமறிந்து நாமே நடத்தலாகாது.

வரண்ட பள்ளத்தாக்குக்கு எல்லை கடக்க வேண்டியதுமில்லை. கனடாவிலேயே, அல்பேர்ட்டா மாகாணத்தில், புரூக்ஸ் நகருக்கு அருகே டைனோசர் மாகாணப் பூங்கா உள்ளது. செம்மான் ஆறு அறுத்த வரண்ட நிலம். பிறைஸ் கன்யன் போன்றே கற்றூண்கள் உண்டு, உயரத்தில் சிறியவை. ஏறத்தாழ 75 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த டைனோசர்களின் எலும்புகள் அங்கே மழை பெய்யுந்தோறும் மண்ணிலிருந்து வெளிப்படுகின்றன. 1979 இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமை இடமாக ஏற்றது. உள்ளேயே கூடாரம் அடிக்கும் இடமும் உண்டு. அதே ஆற்றின் மேற்பகுதியில் டிரம்ஹெலர் நகரத்தில் 1985 இல் திறந்த றோயல் டிரெல் அருங்காட்சியகம் இருக்கின்றது. மொன்றியலிலிருந்து தரைவழியே ஏறத்தாழ 3,500 கிலோமீற்றர். சுப்பீரியர் ஏரிக் கரையோரம் போகும் பாதை அது. நான்கைந்து நாள் வேண்டும். கல்கரிக்கு விமானத்திற் போய் வான் பிடிப்பதும் ஆகும். எவ்வாறு போயினும் வழியில் எவரும் கடவுச்சீட்டுக் கேட்கப்போவதில்லை.

செலவு ஏழையர்க்கு எட்டாது என்பார்க்கு எம்மிடம் முழுமையான விடை இல்லை. பயணத்தில் மிகப்பெரிய செலவு போக்குவரத்துத்தான். தங்குவதும் உண்பதும் விடுதிக் கணக்கோடு ஒப்பிட்டால் அற்பம். ஆண்டு விழா மண்டபத்திற்கும் கேடயங்களுக்கும் நாம் திரட்டும் பணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கினால் என்ன என்று நிர்வாகசபையைக் கேட்டுள்ளோம். ஒரு பிள்ளைக்கு ஆண்டொன்றுக்கு மூன்று கேடயம் கொடுக்கின்றோம். அவை வீட்டில் எங்கே இருக்கின்றன என்று பெற்றோர் தேடிப் பார்க்கட்டும்.

"தமிழ் படிக்கத்தானே அனுப்புறம், மலை ஏறவே?" என்று கேட்பவர்களும் உளர். அவர்களோடு நாம் வாதிடப்போவதில்லை. உருபும் புணர்ச்சியும் வகுப்பிற் கற்பித்தே ஆகவேண்டும். அவற்றைக் கூடாரம் கற்பிக்காது. ஆனால் பதின்மூன்று வயதிற் பிள்ளை தானாக ஒரு வினாவைத் தமிழிற் கேட்பதற்கு ஒரு காரணம் வேண்டும். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நித்திரைத் தூக்கத்தோடு வந்தமரும் பிள்ளைக்கு அக்காரணம் எமது பாடநூலில் இல்லை. அது பெற்றோர் வாயிலே இருக்கின்றது. வீட்டிலே தொலைக்காட்சியும் தொலைபேசியும் அவ்வாயை அடைத்துவிடுகின்றன. கிறாண்ட் கன்யனில் எமது தொலைபேசிகள் எவற்றுக்கும் ஒழுங்காகத் தொடர்பு கிடைக்கவில்லை. நாம் செய்த ஏற்பாடுகளில் அதுவே சிறந்ததென்று ஒரு தாயார் சொன்னார். நாம் அதனை ஏற்பாடு செய்யவில்லை.

முதலில் ஒத்திகையாக ஓரிரவு ஓகா பூங்காவில் தங்குவோம். மொன்றியலிலிருந்து காரில் ஒரு மணி நேரத்திற்கும் உட்பட்ட தூரம். பிடிக்காதவர் நள்ளிரவிலும் வீடு திரும்பலாம். அடுத்த யூன் மாத முதற் சனிக்கிழமையை அதற்குக் குறித்துள்ளோம். கூடாரம் இல்லாதவர் வாங்க வேண்டாம். பாடசாலை அலுமாரியில் நான்கு இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு இரண்டு முளைகள் குறைவு. முளை அறையக் கற்பிக்கும் பொறுப்பை, முன்னர் குறிப்பிட்ட தந்தையார் ஏற்றிருக்கின்றார். பெயர் கொடுக்க விரும்புவோர் சித்திரை விடுமுறைக்கு முன் வகுப்பாசிரியரிடம் கொடுத்தல் வேண்டும். உப்பும் சீனியும் இம்முறை நாமே கொண்டுவருவோம்.

அல்பேர்ட்டாப் பயணத்திற்கான வரைபடம் வரையப்பட்டுக்கொண்டிருக்கின்றது. வரைபவள் அதே மாணவிதான். ஆற்றின் பெயரை 'ரெட் டியர்' என்று எழுதுவதா, 'செம்மான்' என்று எழுதுவதா என்று சென்ற கிழமை எம்மிடம் கேட்டாள். இரண்டையும் எழுதும்படி கூறினோம். தாளில் இடம் போதாதாம். பெரிய தாள் வாங்கித் தரவேண்டும்.